வால்பரைசோவில் ஓர் அரைநாள்



தமிழகத்தை விட்டு வெளியே, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்கின்ற நம்மவர்க்கு ஊர் பார்த்தல் என்பது புதிய அனுபவமன்று. வேலை கிடைத்த ஊரில் வந்து இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே நண்பர் ஒருவர் நம்மை அழைத்துச் சென்று, கோட்டையையும் கடைவீதியையும் ஆற்றங்கரையையும் காட்டிவிடுகிறார். அரைநாளில் நகரம் முழுவதையும் பார்த்துவிட்டதாக நாமும் வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிடுகிறோம். அந்நகரிலேயே இருபது ஆண்டு குடித்தனம் நடத்திய பின்னர்தான், அன்று நாம் கண்டது எவ்வளவு சிறிது என்பது விளங்குகிறது.

இன்று உங்களுடன் பேச எடுத்துக்கொண்டிருப்பதும் அத்தகைய ஓர் அரைநாளைப் பற்றியே. ஆனால் இடம் மட்டும் சற்றுத் தொலைவு. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, பசிபிக் மாகடலை நோக்கி அமைந்திருக்கும் வால்பரைசோ என்னும் துறைமுகப் பட்டினம் அது.

சிலி நாடு, ஆண்டீஸ் மலைத்தொடருக்கும் கடலுக்கும் இடையே ஒரு நாடாவைப் போல 4000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அதன் தலைநகரமாகிய சான்டியாகோவுக்கு வணிகப் பேச்சின் நிமித்தம் சென்ற ஓர் அரசாங்கக் குழுவில், ஏடுகளையும் குறிப்புகளையும் கவனிக்கும் சிறு பணி எமக்குக் கிடைத்தது. பணி முடிந்து, இரவு விமானத்துக்கு முன்னர் ஒரு பகல் மிஞ்சியது. குழுத் தலைவராகிய பஞ்சாபியர், வங்காளத்து அம்மையார் ஒருவர், நாம் ஆக மூவரும் ஒரு சிறு வண்டியில் புறப்பட்டோம். தலைநகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர். வழியிலே மலையைக் குடைந்து அமைத்த சுரங்கப் பாதைகள் வந்தன. காசாபிளாங்கா பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்கள் இரு மருங்கிலும் வரிசை வரிசையாக நின்றன. ஒன்பது மணிக்குக் கடல் தெரியவேண்டும் என்றார்கள். கடல் தெரியவில்லை, வெண்மையான மூடுபனிதான் தெரிந்தது. தென் துருவத்துப் பக்கமிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டம் அக்கரையைத் தழுவிச் செல்வதால், காலை நேரத்தில் அங்கே பனி கவிந்திருப்பது வழக்கமாம்.

ஊரின் நடுச் சதுக்கத்திலே எங்களுக்காக வழிகாட்டி ஒருவர் காத்திருந்தார். பல்கலைக்கழகத்தில் வரலாறு பயிலும் இளம்பெண். ஆங்கிலம் நன்றாகப் பேசினார். கையிலே அட்டை போட்ட குறிப்பேடு ஒன்று வைத்திருந்தார். தம்முடன் ஊர் பார்க்க வருகிறவர்கள், பயண முடிவில் அவரவர் தாய்மொழியில் அதிலே ஒரு வரி எழுதித் தரவேண்டும் என்பது அவருடைய விருப்பம். “நீங்கள் மூவரும் இந்தியர், மூன்று மொழி கிடைக்கும் என்று நம்புகிறேன்” என்று சொல்லிச் சிரித்தார். தாராளமாகத் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டோம். அந்த ஒரு வரி நம்மை அத்தனை யோசிக்க வைக்கும் என்று அப்போது எண்ணவில்லை.

அச்சதுக்கத்துக்குச் சோட்டோமாயோர் சதுக்கம் என்று பெயர். ஒரு பக்கம் கடற்படைத் தலைமையகத்தின் பெரிய மாளிகை. நடுவிலே ஒரு நினைவுச் சின்னம். 1879-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள், பெரு நாட்டுடன் நடந்த இக்கிக்கே கடற்போரில் உயிர் துறந்த கப்பல் தலைவர் ஆர்த்துரோ பிராத்தும் அவருடைய வீரர் சிலரும் அச்சின்னத்தின் அடியிலே துயில்கின்றனர். அவர்களுடைய கப்பல் மரத்தால் ஆனது. எதிரியின் கப்பலோ இரும்புக் கவசம் பூண்டது. தோற்ற போரின் நாளையே அந்நாட்டார் ஆண்டுதோறும் விடுமுறை நாளாகப் போற்றுகின்றனர். இது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

சதுக்கத்தைக் கடந்தால் படகுத்துறை. அதற்குள் பனி சற்று விலகியது. வளைந்த குடாவிலே பாரந்தூக்கிகளும், அடுக்கடுக்காய் நிற்கும் சரக்குப் பெட்டகங்களும், சாம்பல் நிறப் போர்க்கப்பல்களும் தென்பட்டன. இவ்வூரின் ஏற்றமும் இறக்கமும் இக்கடலினாலேயே நேர்ந்தவை.

1536-இல் ஸ்பானியர் இங்கு வந்திறங்கினர். பெயருக்குச் சொர்க்கப் பள்ளத்தாக்கு என்று பொருள் கூறுவர். ஆயினும் முந்நூறு ஆண்டுக் காலம் இது சிறு கடற்கரைக் குடியிருப்பாகவே இருந்தது. 1818-இல் சிலியின் விடுதலை உறுதிப்பட்ட பின்னர், வணிகத்துக்குக் கதவு திறந்தது. ஐரோப்பாவிலிருந்து பசிபிக் கடலுக்கு வரும் பாய்மரக் கப்பல்கள் தென் அமெரிக்காவின் தெற்குக் கோடியாகிய ஹார்ன் முனையைச் சுற்றித்தான் வரவேண்டும். புயலும் பெருங்குளிரும் நிறைந்த அம்முனையைக் கடந்து வடக்கே வரும் மாலுமிகள் நன்னீரும் உணவும் பெற்று, கிழிந்த பாயைத் தைத்துக்கொள்ளும் இடம் வால்பரைசோ ஆயிற்று. 1848-இல் கலிபோர்னியாவில் பொன் கிடைக்கிறது என்ற செய்தி பரவியதும், அங்கு விரைந்த கப்பல்கள் பல இங்கே நங்கூரமிட்டன. ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் கடை வைத்தார்கள், வங்கி வைத்தார்கள், குன்றின்மேல் வீடு கட்டினார்கள். ‘எல் மெர்க்கூரியோ’ என்னும் நாளிதழ் 1827-இல் இவ்வூரில் தோன்றியது. ஸ்பானிய மொழியில் இன்றும் இடைவிடாது வெளிவரும் நாளிதழ்களுள் மிகப் பழையது அதுவே என்பர்.

பிறகு 1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் மாலை நிலம் நடுங்கிற்று. ஊரின் பெரும்பகுதி இடிந்தது. எஞ்சியதைத் தீ தின்றது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதிலிருந்தும் ஊர் எழுந்தது. ஆனால் எட்டே ஆண்டுகளில், 1914 ஆகஸ்டில், பனாமாக் கால்வாய் திறக்கப்பட்டது. அதன்பின் பெரும்பாலான கப்பல்களுக்கு ஹார்ன் முனையைச் சுற்றவேண்டிய கட்டாயம் இல்லை. நிலநடுக்கத்தால் விழாத ஊர், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வெட்டிய ஒரு வாய்க்காலால் தளர்ந்தது. செல்வர்கள் தலைநகருக்குக் குடிபெயர்ந்தனர். இன்று சரக்கின் அளவில் தெற்கேயுள்ள சான் அந்தோனியோ துறைமுகம் இதனை முந்திவிட்டது.

வழிகாட்டிப் பெண் துறைமுகத்தைச் சுட்டி மற்றொன்றும் சொன்னார். 1903-ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்குச் சுமை தூக்குவோரும் மாலுமிகளும் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அது துப்பாக்கியால் அடக்கப்பட்டது, பலர் உயிரிழந்தனர். “பிராத்தின் வீரர்களுக்கு அங்கே சிலை இருக்கிறது. அந்தக் கூலியாட்களின் கதையை நாங்கள் வாயால்தான் சொல்லவேண்டும்” என்றார் அவர்.

அங்கிருந்து தெருவைக் கடந்து மலையடிவாரத்துக்கு வந்தோம். வால்பரைசோவில் சமநிலம் மிகக் குறைவு. இருப்பதிலும் பெரும்பகுதி கடலைத் தூர்த்து எடுத்தது. அந்தக் குறுகிய நிலப்பட்டைக்குப் பின்னே நாற்பதுக்கு மேற்பட்ட குன்றுகள் அரைவட்டமாக எழுந்து நிற்கின்றன. கடைகளும் அலுவலகங்களும் கீழே. மக்கள் வாழ்வது மேலே. மீனும் மாவும் தண்ணீரும் பிணமும் பிள்ளையும், எல்லாம் படிக்கட்டின் வழியேதான் ஏறி இறங்கவேண்டும் என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது.

இந்தத் துன்பத்தைத் தீர்க்க எழுந்தவையே ‘அசென்சோர்’ என்னும் சாய்வுத் தூக்கிகள். பழநி மலையில் விஞ்சு என்று நாம் சொல்லும் இழுவை வண்டியில் ஏறியவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டுவதில்லை. செங்குத்தான சரிவிலே இரண்டு இருப்புப் பாதை, இரண்டு பெட்டி, இரண்டையும் பிணைக்கும் ஒரு கம்பி வடம். ஒன்று இறங்கும்போது அதன் எடையே மற்றொன்று ஏறுவதற்குத் துணையாகிறது. தராசுத் தட்டுப் போல அமைந்திருப்பதால் சிறிது விசை கொடுத்தாலே போதும். முதல் தூக்கி 1883-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் கொன்செப்சியோன் குன்றில் ஓடத் தொடங்கியது. தொடக்கத்தில் நீரின் விசை, பின்னர் நீராவி, பின்னர் மின்சாரம். ஊர் செழித்திருந்த காலத்தில் ஏறத்தாழ முப்பது தூக்கிகள் இருந்தன. பிற்காலத்தில் ஒவ்வொன்றாக நின்றுபோயின. 1996-இல் உலக நினைவுச்சின்ன நிதியம் என்னும் அமைப்பு, அழியும் நிலையிலுள்ள நூறு இடங்களின் பட்டியலில் இவற்றைச் சேர்த்தது. 2003-இல் பழைய நகர்ப் பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது. 2012-இல் பத்துத் தூக்கிகளை அரசே விலைக்கு வாங்கிப் பழுதுபார்க்க முன்வந்தது.

நாங்கள் ஏறியது அந்த முதல் தூக்கியில்தான். மரப்பெட்டி, எட்டுப் பேர் நின்றால் நெருக்கம். எங்களுடன் காய்கறிப் பையோடு ஒரு மூதாட்டியும் ஏறினார். ‘கிறீச்’ என்ற ஒலியோடு பெட்டி நகர்ந்தது. ஓட்டு வீடுகளின் கூரைகள் கீழே இறங்கின, துறைமுகம் விரிந்தது. எங்கள் தலைவர் ஒளிப்படக் கருவியைச் சரிசெய்து முடிப்பதற்குள் மேலே வந்து சேர்ந்துவிட்டோம். எங்களுக்கு அது வேடிக்கை. அந்த மூதாட்டிக்கோ அது முழங்காலுக்குக் கிடைத்த இரக்கம். அவர் வெளியைப் பார்க்கவே இல்லை. பையைச் சரிசெய்துகொண்டு தம் வழியே போய்விட்டார்.

கொன்செப்சியோன், அலெக்ரே என்னும் இரண்டு குன்றுகளிலும் அயல்நாட்டு வணிகர்கள் கட்டிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. மரச்சட்டத்தின் மீது நெளி தகரத்தைப் போர்த்தி, மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை என்று வண்ணம் பூசியிருக்கிறார்கள். உப்புக்காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் மண்சுவரைக் காக்கும் உபாயம் அது. கப்பலுக்குப் பூசி மிஞ்சிய வண்ணமே வீட்டுக்கும் வந்தது என்று ஊரார் கதை சொல்கிறார்கள். சந்துக்குச் சந்து சுவரோவியம். படிக்குப் படி ஒரு நாய். உரிமையாளர் எவரும் இல்லாத அந்த நாய்களுக்குத் தெருவாரே சோறு வைக்கிறார்கள். அவற்றுள் ஒன்று எங்களுக்கு முன்னே முன்னே நடந்து வந்தது. அதுவும் வழிகாட்டிதான் என்றார் அந்தப் பெண்.

குடியேறி வாழ்வோராகிய நமக்கு அக்குன்றில் இரண்டு செய்திகள் கிடைத்தன.

முதலாவது, 1858-இல் ஆங்கிலேயர் எழுப்பிய புனித பவுல் ஆலயம். வெளியிலிருந்து பார்த்தால் கோயில் என்றே தோன்றாது. கோபுரம் இல்லை, அடக்கமான வாயில். கத்தோலிக்கம் ஒன்றே நாட்டின் சமயமாக இருந்த காலத்தில், பிற சபையார் வெளிப்படையாக வழிபட இயலவில்லை. இறந்தால் ஊர் இடுகாட்டிலும் அவர்களுக்கு இடமில்லை. அடுத்த குன்றில் தனி இடுகாடு அமைத்துக்கொண்டார்கள். பணம் படைத்த வணிகர்களாயினும் வந்தேறிகள் வந்தேறிகளே என்பதை அந்தச் சிறு வாயில் சொல்லிற்று. நாற்பது ஆண்டு கழித்து, அருகிலேயே ஜெர்மானியர் கட்டிய லூத்தரன் ஆலயத்துக்கு உயர்ந்த கோபுரம் இருக்கிறது. ஊர் மனம் மாறியதற்கு அது அடையாளம்.

இரண்டாவது, தீயணைப்புப் படை. 1850-இல் ஒரு பெருந்தீ ஊரை வாட்டியது. மறு ஆண்டே, 1851-இல், சிலியின் முதல் தன்னார்வத் தீயணைப்புப் படை இங்கே பிறந்தது. ஜெர்மானியர் ஒரு படை, பிரெஞ்சுக்காரர் ஒரு படை, இத்தாலியர் ஒரு படை என்று குடியேறியோர் தனித்தனியே படை திரட்டி, ஊருக்குத் தீ வந்தால் ஒன்றாய் ஓடினார்கள். சிலியில் இன்றும் தீயணைப்போர் ஊதியம் பெறாத தொண்டர்களே. பிழைக்க வந்த ஊரில் நமக்கு என்ன உரிமை என்று கேட்பதோடு, இவ்வூர் எரிந்தால் அணைக்க நாம் வாளி எடுப்போமா என்றும் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். வாயில் உயர்ந்ததற்கு அந்த வாளியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எமக்குத் தோன்றிற்று.

அலெக்ரே குன்றின் ஒரு சிறு கடையில் சற்று இளைப்பாறினோம். மரக்கறி உண்பவராகிய எமக்குப் பாலாடைக்கட்டி பொதிந்த எம்பனாடா கிடைத்தது. நம் சோமாசிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். தேநீரும் வந்தது. சிலியர் தேநீர்ப் பிரியர். மாலைச் சிற்றுண்டியோடு தேநீர் அருந்துவதற்கு அங்கே ‘ஒன்ஸே’ என்று பெயர். தேயிலைப் பொட்டலத்தின் உறையில் ‘சிலோன்’ என்று அச்சிட்டிருந்தது. இலங்கைத் தேயிலையை விரும்பி வாங்கும் நாடுகளுள் சிலியும் ஒன்று. அந்த இலையைக் கிள்ளிய கை, நம் மாவட்டங்களிலிருந்து தோட்ட வேலைக்குச் சென்று மலையகத்தில் தங்கிவிட்ட தமிழரின் வழிவந்த ஒரு பெண்ணின் கையாக இருக்கக்கூடும். உலகத்தின் மறு கோடியிலே, ஒரு குவளைத் தேநீரில் அவரை நினைத்துக்கொண்டோம்.

அடுத்து நாங்கள் போகவேண்டிய இடம் எது என்பது எமக்குத் தெரியும். காலையிலிருந்தே அது நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது.

வண்டி மேலே மேலே வளைந்து சென்று, ஃபுளோரிடா குன்றில் ஒரு வீட்டின் முன் நின்றது. ‘லா செபஸ்தியானா’ என்பது அதன் பெயர். 1971-இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் பாப்லோ நெரூடாவின் இல்லம். செபஸ்தியான் கொல்லாடோ என்னும் ஸ்பானியர் கட்டத் தொடங்கி, முடிக்காமலே இறந்துபோன வீட்டை நெரூடா நண்பர்களோடு சேர்ந்து வாங்கி, 1961-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் விழா எடுத்துக் குடிபுகுந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய குறுகிய மாடிகள். திரும்பிய பக்கமெல்லாம் கடல் தெரியும் சாளரங்கள். பழைய நிலப்படங்கள், கண்ணாடிக் குப்பிகள், ஒரு மரக் குதிரை. 1973 செப்டம்பரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய சில நாட்களில் கவிஞர் மறைந்தார். இந்த வீடும் அப்போது சூறையாடப்பட்டது. பின்னர் செப்பனிடப்பெற்று, இன்று காட்சியகமாக விளங்குகிறது.

கல்லூரி நாட்களில் நெரூடாவின் கவிதைகளைத் தமிழாக்கத்தில் படித்து மகிழ்ந்தவர்களுள் நாமும் ஒருவர். பிறகு அவருடைய நினைவுக் குறிப்புகளை ஆங்கிலத்தில் படித்தோம். அவர் இறந்த மறு ஆண்டு, 1974-இல் வெளிவந்த நூல் அது. 1929-இல் இருபத்தைந்து வயது இளைஞராக அவர் கொழும்பிலே சிலியின் தூதரகப் பணியில் இருந்தார். வெள்ளவத்தையில் கடலோரமாகக் குடியிருந்தார். அவ்வீட்டின் கழிவுக் கலத்தை நாள்தோறும் விடியலில் எடுத்துச் சென்று தூய்மை செய்தவர் ஒரு தமிழ்ப் பெண். சமூகத்தால் தாழ்த்தி வைக்கப்பட்ட குலத்தவர். அப்பெண்ணின் அழகை வியந்து, பரிசுகள் வைத்தும் அழைத்தும் பார்த்தாராம் கவிஞர். அப்பெண் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒருநாள் காலை கையைப் பற்றி உள்ளே இழுத்துச் சென்றார். அப்பெண் ஒரு சொல்லும் பேசவில்லை. கண்களை மூடாமல், உணர்வற்றவராய்க் கிடந்தார். தம்மை அப்பெண் வெறுத்தது சரியே என்றும், அது மீண்டும் நிகழவில்லை என்றும் கவிஞர் தாமே எழுதி வைத்திருக்கிறார். அழகிய நடையில் எழுதியிருக்கிறார். அப்பெண்ணின் பெயரை மட்டும் எழுதவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டதாகவும் தெரியவில்லை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்க்கு அப்பக்கம் வேறொரு வகையிலும் சுடும். அந்த அறையில் இரண்டு மொழிகள் இருந்தன. ஒன்று உலகமெல்லாம் சென்று, எத்தனையோ மொழிகளில் பெயர்க்கப்பட்டது. மற்றொன்று நம்முடைய மொழி. அது அங்கே வாய் திறக்கவே இல்லை. பெயர்ப்பதற்கு ஒரு சொல்லும் அது விட்டுச் செல்லவில்லை.

வண்டியை விட்டு இறங்குவதா வேண்டாமா என்று தயங்கினோம். வங்காளத்து அம்மையார் காரணம் கேட்டார். சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “வாருங்கள், பார்ப்போம். பார்க்காமல் போனால் அவளுக்கு என்ன லாபம்?” என்றார். இறங்கினோம்.

மாடிகளில் ஏறினோம். உச்சி அறையிலிருந்து பார்த்தபோது பனி முற்றும் விலகியிருந்தது. வளைகுடாவும் குன்றுகளும் வண்ண வீடுகளும் வெயிலில் ஒளிர்ந்தன. அழகு அழகுதான்; அதை மறுக்க நம்மால் இயலவில்லை. அந்த அழகைப் பாடிய வாக்கு பெரிய வாக்கு என்பதையும் மறுக்க இயலவில்லை. ஆனால் அவ்வளவு சாளரங்கள் உள்ள வீட்டிலே, அந்த ஒரு பெண்ணுக்குச் சாளரம் இல்லை.

தோட்டத்தில் காத்திருந்த வழிகாட்டிப் பெண் குறிப்பேட்டை நீட்டினார். தலைவர் குருமுகியில் எழுதினார். அம்மையார் வங்காளியில் எழுதினார். பேனா எம்மிடம் வந்தது. “உங்கள் மொழி எது?” என்று கேட்டார். “தமிழ்” என்றோம்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. “அந்தச் சொல் எனக்குத் தெரியும். எங்கள் நாட்டில் என் வயதுப் பெண்கள் பலர் அச்சொல்லை முதன்முதல் கண்டது அந்தப் பக்கத்தில்தான்” என்றார்.

2018-இல் சான்டியாகோ விமான நிலையத்துக்கு நெரூடாவின் பெயரைச் சூட்டவேண்டும் என்று சிலி நாடாளுமன்றத்தில் முயற்சி எழுந்தபோது, அந்நாட்டுப் பெண்கள் அப்பக்கத்தை எடுத்துக்காட்டி எதிர்த்தார்கள். அதை நாமும் செய்தித்தாளில் படித்திருந்தோம். ஆயினும் நேரில் கேட்டபோது நெஞ்சு கனத்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஊமையாய் நின்ற நம் பெண்ணொருத்திக்காக, நம் மொழி அறியாத, கடல் பல கடந்த நாட்டுப் பெண்கள் பேசியிருக்கிறார்கள். நாம் அதுவரை கவிஞரைப் புகழ்ந்து எழுதப்பட்டவற்றைப் படித்திருக்கிறோம். அப்பெண்ணுக்காக ஒரு வரி எழுதியதில்லை.

“நீங்கள் எங்கள் கவிஞரை வெறுக்கிறீர்களா?” என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“வெறுக்கவும் இல்லை, வணங்கவும் இல்லை. கணக்கை முழுதாக எழுதவேண்டும் என்று மட்டும் கேட்கிறோம்” என்றோம்.

பிறகு குறிப்பேட்டில் தமிழில் எழுதினோம்: “இந்த ஊரின் அழகைக் கண்டு மகிழ்ந்தோம். வெள்ளவத்தையில் இருந்த, பெயர் தெரியாத எங்கள் சகோதரியையும் இங்கே நினைத்தோம்.” பொருளைக் கேட்டு, அதன் கீழே அவர் ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டார். எம் வாழ்நாளில் எத்தனையோ அரசாணைகளை மொழிபெயர்த்திருக்கிறோம். அந்த இரண்டு வரி பெயர்க்கப்பட்டதைப் பார்த்தபோது அடைந்த நிறைவு வேறெதிலும் இல்லை.

திரும்பும் வழியில் வண்டி ஒரு திருப்பத்தில் நின்றது. மேலேயுள்ள குன்றுகளைக் காட்டினார் அந்தப் பெண். சுற்றுலா வருகிறவர்கள் அங்கே போவதில்லை. தூக்கியும் இல்லை, வண்ணமும் இல்லை. பள்ளங்களின் விளிம்பிலே பலகையும் தகரமும் கொண்டு கட்டிய ஏழைகளின் வீடுகள். 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் மூண்ட தீயில் அங்கே சுமார் 2900 வீடுகள் எரிந்தன. 15 பேர் மாண்டனர். அவருடைய அத்தையின் வீடும் அவற்றுள் ஒன்று. குறுகிய பாதை, தண்ணீர் பற்றாக்குறை, பள்ளத்திலே குவிந்த குப்பை, கடற்காற்று. தீ பரவ வேறென்ன வேண்டும்? எரிந்த இடத்திலேயே மக்கள் மீண்டும் கட்டிக்கொண்டார்கள். வேறு எங்கே போவார்கள்?

மணி ஒன்று ஆயிற்று. அரைநாள் முடிந்தது. சதுக்கத்தில் அவரிடம் விடைபெற்றோம். காலையில் எங்களுக்கு முன்னே நடந்த நாய், வேறொரு கூட்டத்துக்கு முன்னே நடந்துகொண்டிருந்தது.

நேயர்களே! வால்பரைசோவில் நாங்கள் கண்ட சிலைகளும் கோபுரங்களும் எந்தக் கையேட்டிலும் இருக்கும். துறைமுகத்துக் கூலியாட்கள், மூதாட்டியின் முழங்கால், எரிந்துபோன அத்தை வீடு, வெள்ளவத்தைப் பெண் ஆகிய இவையெல்லாம் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தன. அந்த ஒருவர் கிடைத்தது எங்கள் நற்பேறு.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, தில்லியில் எங்கள் வீட்டு வாயில் மணி அடித்தது. பாத்திரம் துலக்கும் அம்மாள் வந்திருந்தார். விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர் என்பது தெரியும். நான்கு ஆண்டுகளாக வருகிறார். “வாங்கம்மா” என்று கதவைத் திறந்தபோதுதான், அவருடைய பெயரை நாம் ஒருநாளும் கேட்டதில்லை என்பது உறைத்தது. அன்று கேட்டோம். அவர் சற்றே வியந்து நோக்கி, தம் பெயரைச் சொன்னார். தம் ஊரின் பெயரையும் சேர்த்தே சொன்னார்.